ஒரு சொட்டு எச்சிலும் ஓராயிரம் வதந்திகளும்

ஒருவர் ஆணா, பெண்ணா என்று அறிவது மிக எளிது என்றே நாம் எண்ணுகிறோம். குழந்தை பிறந்தவுடன் மருத்துவச்சி ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல் பிறப்புச் சான்றிதழில் ஏறுகிறது; பள்ளிப் பதிவேட்டில் ஏறுகிறது; பிறகு வாழ்நாள் முழுதும் அதைப் பற்றி எவரும் வினவுவதில்லை. ஆனால் சென்ற நூற்றாண்டில் உலகப் புகழ் பெற்ற பெண்கள் சிலரை நோக்கி, அவர்கள் வளர்ந்து ஆளாகி, பதக்கங்களும் வென்ற பிறகு, “நீ பெண்ணல்ல, ஆணும் அல்ல” என்று அதிகாரம் படைத்த கழகங்கள் தீர்ப்புக் கூறின. அறிவியலின் பெயரால் கூறப்பட்ட அத்தீர்ப்புகள் பலவற்றை, பின்னர் அதே அறிவியலே பிழையென்று காட்டியது.

அவர்கள் அனைவரும் ஓட்டப் பந்தய வீராங்கனைகள், அல்லது தடகளத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய கதையைத் தெரிந்துகொள்வதால் நமக்கு இரண்டு நன்மைகள் உண்டு. ஒன்று, ஆண் பெண் என்னும் வேறுபாடு உடலில் எவ்வாறு உருவாகிறது என்பது விளங்கும். மற்றொன்று, ஒரு சோதனை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று கேட்காமல் அதன் முடிவை நம்பினால் என்ன நேரும் என்பதும் விளங்கும்.

வதந்தியின் காலம்

1936-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. மகளிர் 100 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்காவின் ஹெலன் ஸ்டீபன்ஸ் 11.5 விநாடிகளில் ஓடி முதலிடம் பெற்றார். போலந்து நாட்டுக்காக ஓடிய ஸ்டெல்லா வால்ஷ் இரண்டாவதாக வந்தார். ஸ்டெல்லா நான்கு ஆண்டுகளுக்கு முன் லாஸ் ஏஞ்சலீஸில் இதே பந்தயத்தில் தங்கம் வென்றவர். தங்கள் வீராங்கனை தோற்றதைத் தாங்கமாட்டாத போலந்துப் பத்திரிகையாளர் சிலர், ஸ்டீபன்ஸ் பெண்ணே அல்ல என்று எழுதினர். உயரமான உடல், நீண்ட கால்கள், கனத்த குரல் ஆகியவையே அவர்கள் காட்டிய சான்றுகள்! ஸ்டீபன்ஸை முன்னரே பரிசோதித்துவிட்டோம், அவர் பெண்தான் என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று.

அதே பெர்லினில் உயரத் தாண்டலில் நான்காவதாக வந்தவர் டோரா ராட்யென் என்னும் ஜெர்மானியர். இவர் 1938-ஆம் ஆண்டில் ஆண் என்று கண்டறியப்பட்டு, பிறகு ஹைன்ரிஹ் என்னும் பெயருடன் ஆணாகவே வாழ்ந்தார். பதக்கம் பெறுவதற்காக நாஜி அரசு ஓர் ஆணுக்குப் பெண்வேடம் இட்டு அனுப்பியது என்ற கதை பல ஆண்டுகள் உலகெங்கும் சொல்லப்பட்டு வந்தது. ஆனால் 2009-ஆம் ஆண்டில் ஜெர்மன் வார ஏடான ‘டேர் ஷ்பீகல்’ பழைய காவல்துறை ஆவணங்களை ஆராய்ந்து வெளியிட்ட செய்தி வேறு. பிறந்தபோது உறுப்பு தெளிவாக இல்லாமையால் அக்குழந்தை பெண் என்று கருதப்பட்டுப் பெண்ணாகவே வளர்க்கப்பட்டது. அங்கே வேடமும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு குடும்பத்தின் குழப்பம் மட்டுமே.

இருப்பினும் கதை நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்காவும் சோவியத் நாடும் பதக்க எண்ணிக்கையிலும் போட்டியிட்ட காலத்தில், அது மேலும் வலுப்பெற்றது. சோவியத் சகோதரிகளான தமாரா பிரெஸ், இரினா பிரெஸ் இருவரும் 1960, 1964 ஒலிம்பிக் பந்தயங்களில் ஐந்து தங்கப் பதக்கங்களை வென்றனர். தமாரா குண்டெறிதலிலும் வட்டெறிதலிலும் வல்லவர். இரினா தடை ஓட்டத்திலும் ஐந்திறப் போட்டியிலும் சிறந்தவர். மேலைநாட்டு ஏடுகள் இவர்களைக் கேலிப் பெயரிட்டு அழைத்தன. 1966-ஆம் ஆண்டில் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டபோது இவ்விருவரும் போட்டிக்கு வரவில்லை. வராததையே குற்றச்சாட்டுக்குச் சான்றாக ஏடுகள் கொண்டன. அவர்கள் பெண்கள் அல்லர் என்பதற்கு எவரும் எந்த ஆதாரமும் காட்டியதில்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த 1966-ஆம் ஆண்டுப் பரிசோதனை எத்தகையது? புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டிக்கு வந்த பெண்கள் ஆடையின்றிப் பெண் மருத்துவர் குழுவின் முன்னே நடந்து காட்ட வேண்டும்! வீராங்கனைகள் மனம் வெதும்பினர். ‘இந்த இழிவு வேண்டாம், ஆய்வுக்கூடத்தில் நாகரிகமாக முடிவு கட்டும் முறை ஒன்று இருந்தால் நல்லது’ என்று பலரும் கருதினர். அத்தகைய முறை ஒன்று கையெட்டும் தொலைவிலேயே இருந்தது.

பூனை காட்டிய புள்ளி

அம்முறை ஒரு பூனையின் நரம்புச் செல்லிலிருந்து பிறந்தது. கனடா நாட்டில், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் மர்ரே பார் என்னும் அறிஞரும் அவருடைய மாணவர் பெர்ட்ராமும் பூனைகளின் நரம்புச் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தனர். நரம்பு களைப்படையும்போது செல்லுக்குள் என்ன மாற்றம் நிகழ்கிறது என்பதே அவர்கள் தேடிய விடை. சாயமேற்றிய செல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சில பூனைகளின் செல் உட்கருவில் கருமையான சிறு புள்ளி ஒன்று தெரிந்தது. வேறு சில பூனைகளில் அது தெரியவில்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். புள்ளி தெரிந்தவை யாவும் பெண் பூனைகள்! 1949-ஆம் ஆண்டில் இச்செய்தி ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. அப்புள்ளிக்குப் பின்னர் ‘பார் புள்ளி’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

அப்புள்ளி யாது? இதை அறிய, பள்ளியில் நீங்கள் படித்த பாடத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன. இந்த எண்ணிக்கையே 1956-ஆம் ஆண்டில்தான் உறுதிப்பட்டது. அவற்றுள் இரண்டு பால் குரோமோசோம்கள். பொதுவாகப் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று சுருண்டு, செயலற்று ஒடுங்கிவிடுகிறது. அவ்வாறு ஒடுங்கிய எக்ஸ்தான் நுண்ணோக்கியில் கரும்புள்ளியாகத் தெரிகிறது. இவ்விளக்கத்தை 1961-ஆம் ஆண்டில் அளித்தவர் மேரி லயன் என்னும் ஆங்கிலேயப் பெண் அறிஞர்.

இதற்குச் சான்று உங்கள் தெருவிலேயே இருக்கலாம். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனையைப் பார்த்திருப்பீர்கள். அது ஏறக்குறைய எப்போதும் பெண் பூனையாகவே இருக்கும். கறுப்பு நிறத்தைத் தரும் ஜீன் ஓர் எக்ஸிலும், செம்மஞ்சளைத் தரும் ஜீன் மற்றோர் எக்ஸிலும் இருக்கின்றன. உடலின் ஒரு பகுதியில் ஓர் எக்ஸும் மறு பகுதியில் மற்றோர் எக்ஸும் ஒடுங்கிவிடுவதால் திட்டுகள் உண்டாகின்றன. ஆண் பூனைக்கு ஒரே எக்ஸ்தான். ஆகவே அதற்கு அவ்விரு நிறங்களும் சேர்ந்து வாய்ப்பதில்லை.

ஒடுங்கும் எக்ஸ் பற்றிய இவ்வுண்மையைக் கருவியாக்குவது எளிது. கன்னத்தின் உட்புறத்தைச் சிறு தகட்டால் மெல்லச் சுரண்டினால் எச்சிலோடு சில செல்கள் வரும். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். புள்ளி இருந்தால் பெண், இல்லையேல் பெண்ணல்ல. வலி இல்லை, வெட்கம் இல்லை, செலவும் குறைவு. 1968-ஆம் ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக்கிற்கு வந்த வீராங்கனைகளுக்கு இச்சோதனை நடைமுறைக்கு வந்தது. தேறியவர்களுக்குப் ‘பெண்மைச் சான்றிதழ்’ வழங்கப்பட்டது. அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் அடுத்த போட்டிகளுக்குச் செல்ல வேண்டும்.

ஏவாவுக்கு நேர்ந்தது

ஆயினும், முதல் பலி மெக்ஸிகோவுக்கு ஓராண்டு முன்னரே நிகழ்ந்துவிட்டது. போலந்து நாட்டு ஏவா க்ளொபுகோவ்ஸ்கா 1946-ஆம் ஆண்டில் வார்சாவில் பிறந்தவர். பதினெட்டாம் வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடரோட்டத்தில் தங்கமும், 100 மீட்டரில் வெண்கலமும் வென்றார். 1965-ஆம் ஆண்டு ஜூலையில், பிராக் நகரில், 100 மீட்டரை 11.1 விநாடிகளில் ஓடி உலகச் சாதனை நிகழ்த்தினார். அன்று அதே நேரத்தில் ஓடி முடித்த மற்றவர் அவருடைய நாட்டவரான இரேனா கிர்ஷென்ஸ்டைன். 1966-இல் புடாபெஸ்டில் மருத்துவர்கள் முன் நடந்து காட்டும் அந்தப் பரிசோதனையிலும் ஏவா தேறினார், தங்கமும் வென்றார்.

1967-ஆம் ஆண்டு செப்டம்பரில் கீவ் நகரில் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி நடந்தது. அங்கே குரோமோசோம் சோதனை நடத்தப்பட்டது. ஏவாவின் செல்களில் ‘ஒரு குரோமோசோம் அதிகம்’ என்று மருத்துவர்கள் கூறினர். அவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். சர்வதேசத் தடகளச் சம்மேளனம் அவருக்குத் தடை விதித்துச் சாதனைப் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை அகற்றியது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றுகூட நிரம்பவில்லை. உலக ஏடுகள் அவரை ஆணுமல்லாத, பெண்ணுமல்லாத விந்தைப் பிறவியாகச் சித்திரித்தன.

அடுத்த ஆண்டு, 1968-இல், ஏவா ஓர் ஆண் மகவை ஈன்றார்.

வாசகரே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். கருப்பையில் சுமந்து பிள்ளை பெற்ற தாயை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அவருடைய செல்கள் பற்றி வெளிவந்த செய்திகளின்படி, சில செல்களில் இரண்டு எக்ஸும், சில செல்களில் இரண்டு எக்ஸுடன் ஓர் ஒய்யும் இருந்தன. இவ்வாறு இரு வகைச் செல்கள் ஒரே உடலில் கலந்திருப்பதை மரபியலார் ‘கலப்பமைப்பு’ என்பர். இவ்விரு வகைச் செல்களிலும் எக்ஸ் இரண்டு. ஆகவே இரண்டிலும் பார் புள்ளி தெரியும். அப்படியானால், ஓராண்டு கழித்து மெக்ஸிகோவில் நடந்த சோதனையில் ஏவா எளிதில் தேறியிருப்பார்! ஒரு சோதனை பெண்ணல்ல என்கிறது; மறு சோதனை பெண் என்கிறது. சோதனைகள் இரண்டுக்கும் ஒரே பெண்தான். அவர் மாறவில்லை; அளவுகோல் மாறியது.

அளவுகோலின் குறை

பார் புள்ளிச் சோதனை எங்கே தவறுகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுக் காணலாம். விதி இதுதான்: எக்ஸ் குரோமோசோம்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் புள்ளிகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளில் ஒருவர் ஒரே ஓர் எக்ஸுடன் பிறக்கிறார். இதனை டர்னர் குறைபாடு என்பர். இவர்கள் பெண்கள், உயரம் குறைந்தவர்கள், ஆணின் வலிமை எதுவும் இவர்களுக்கு இல்லை. ஆனால் ஒன்றில் ஒன்று போனால் சுழி. புள்ளி இல்லை. சோதனை இவர்களைப் பெண்ணல்ல என்று தள்ளிவிடும்.

ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவர் இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் கொண்டு பிறக்கிறார். இது கிளைன்ஃபெல்டர் குறைபாடு. இவர்கள் ஆண்கள், மீசை அரும்பும், உயரமாகவும் வளர்வார்கள். ஆனால் இரண்டில் ஒன்று போனால் ஒன்று. புள்ளி உண்டு. சோதனை இவர்களைப் பெண் என்று ஏற்றுக்கொள்ளும்! அதாவது, எவரைப் பிடிப்பதற்காக வலை வீசப்பட்டதோ அவர் நழுவிப் போகலாம். எவருக்கும் தீங்கு செய்யாதவர் அகப்பட்டுக்கொள்வார்.

மூன்றாவது வகையே நம் கதையில் மிக முக்கியமானது. சில பெண்களுக்கு எக்ஸ், ஒய் இரண்டும் உண்டு. ஒய் இருப்பதால் வயிற்றினுள் விந்தகங்கள் உருவாகின்றன. அவை டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனையும் சுரக்கின்றன. ஆனால் ஹார்மோன் சுரந்தால் மட்டும் போதாது. அது செல்லில் உள்ள ஏற்பியுடன் பொருந்த வேண்டும். சாவி எத்தனை இருந்தாலும் பூட்டே இல்லையென்றால் கதவு எப்படித் திறக்கும்? இவர்களுக்கு அந்த ஏற்பி வேலை செய்வதில்லை. ஆகவே உடல் முழுதும் பெண்ணுடலாகவே வளர்கிறது. முழுமையாக இந்நிலை உள்ளவர்களின் தசையும் எலும்பும் அந்த ஹார்மோனால் ஒரு துளிப் பயனும் அடைவதில்லை. கருப்பை இல்லாமையால் மாதவிலக்கு வருவதில்லை. அதற்காக மருத்துவரிடம் செல்லும்போதுதான் பெரும்பாலும் உண்மை தெரியவருகிறது.

இக்குறைகள் அறிஞர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1968-ஆம் ஆண்டிலேயே கீத் மூர் என்னும் உடற்கூறியல் அறிஞர் அமெரிக்க மருத்துவக் கழக இதழில், ஒரே ஒரு சோதனையைக் கொண்டு ஒருவரின் பாலை முடிவு செய்யலாகாது என்று விளக்கி எழுதினார். 1972-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் சிலரும் ஒலிம்பிக் குழுவிடம் ஆட்சேபம் தெரிவித்தனர். அவர்களுடைய சொல் அம்பலம் ஏறவில்லை. சோதனை தொடர்ந்தது. தேறாத பெண்கள் பலர், காலில் சுளுக்கு என்றோ காய்ச்சல் என்றோ சொல்லிவிட்டு ஓசையின்றி விலகிச் சென்றனர். அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

மரியா விலகவில்லை

அவ்வாறு விலக மறுத்த ஒரு பெண்ணால்தான் நிலைமை மாறியது. அவர் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹொசே மார்த்தினெஸ் பத்தினியோ. 1983-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் நடந்த உலகப் போட்டியில் சோதனையில் தேறிச் சான்றிதழும் பெற்றிருந்தார். 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுக்குச் சென்றபோது அச்சான்றிதழை எடுத்துச் செல்ல மறந்துவிட்டார். ஆகவே மீண்டும் சோதனை. இம்முறை புள்ளி தெரியவில்லை.

காயம் பட்டதாக நடிக்குமாறு அணியின் மருத்துவர் கூறினார். மரியா காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து பிறர் ஓடுவதைப் பார்த்தார். ஊர் திரும்பிய பின் அவர் குரோமோசோம் அமைப்பு எக்ஸ்-ஒய் என்று கடிதம் வந்தது. 1986-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்பெயின் தேசியப் போட்டி. மீண்டும் நடித்து விலகிவிடுமாறு அறிவுரை கூறப்பட்டது. அவர் ஓடினார், 60 மீட்டர் தடை ஓட்டத்தில் வென்றார். உடனே செய்தி நாளேடுகளில் வெளிப்பட்டது. வீரர் விடுதியிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். உதவித்தொகை நிறுத்தப்பட்டது. சாதனைகள் பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டன. மணக்கவிருந்தவரும் நண்பர்கள் சிலரும் விலகிச் சென்றனர்.

அப்போது அவருக்குத் துணையாக வந்தவர் பின்லாந்து நாட்டு மரபியல் அறிஞர் ஆல்பர்ட் டி லா ஷப்பேல். அவர் இத்துறையைக் கரைத்துக் குடித்தவர். இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருந்தும் ஆணாகப் பிறப்பவர்களைப் பற்றி 1964-லேயே விளக்கியவர். மரியாவுக்கு மேலே நாம் கண்ட ‘பூட்டில்லாச் சாவி’ நிலை என்றும், ஒய் இருப்பதால் ஓட்டத்தில் அவருக்கு எந்த அனுகூலமும் இல்லை என்றும் அவர் எடுத்துக் காட்டினார். அது சரிதான் என்று 1988-ஆம் ஆண்டில் சம்மேளனம் ஏற்று, மரியாவுக்கு மீண்டும் ஓடும் உரிமை அளித்தது. ஆனால் ஓட்டக்காரர்க்கு மூன்று ஆண்டுகள் என்பது சிறு காலமா? 1992-ஆம் ஆண்டில் தம் சொந்த நாட்டில், பார்சிலோனாவில் நடந்த ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறும் வாய்ப்பை அவர் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் இழந்தார். பிற்காலத்தில் அவர் பல்கலைக்கழக ஆசிரியரானார். 2005-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தம் வரலாற்றைத் தாமே எழுதினார்.

ஸ்டெல்லாவின் இறுதிச் சோதனை

பெர்லினில் இரண்டாவதாக வந்த ஸ்டெல்லா வால்ஷை மறந்திருக்க மாட்டீர்கள். போலந்தில் பிறந்து கைக்குழந்தையாக அமெரிக்கா சென்று, கிளீவ்லாந்து நகரில் வளர்ந்தவர். 1980-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நகரில் நடந்த கொள்ளை முயற்சியில் அவர் சுடப்பட்டு இறந்தார். வயது 69. கொலை வழக்காதலால் பிரேதப் பரிசோதனை நடந்தது. அவருடைய உறுப்புகள் முழுமையாகப் பெண்ணுறுப்புகளாக இல்லை என்ற செய்தி வெளியே கசிந்தது. வாழ்நாள் முழுதும் ஏமாற்றியவர் என்று சிலர் தூற்றினர்; பதக்கங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்ற குரலும் எழுந்தது.

நகரின் மரண விசாரணை அதிகாரியான மருத்துவர் சாமுவேல் கெர்பர் 1981-ஆம் ஆண்டில் தம் அறிக்கையை வெளியிட்டார். ஸ்டெல்லாவின் உடலில் இருவகைச் செல்கள் கலந்திருந்தன, பெரும்பாலானவை எக்ஸ்-ஒய். பிறந்தபோதே உறுப்புகள் தெளிவற்றிருந்தன. பெற்றோர் அவரைப் பெண்ணாக வளர்த்தனர். சமுதாயமும் சட்டமும் அவரைப் பெண்ணாகவே ஏற்றன. பெண்ணாகவே வாழ்ந்து பெண்ணாகவே இறந்தார் என்பதே கெர்பரின் முடிவு. பதக்கங்கள் அவர் பெயரிலேயே நிலைத்தன. ஏவாவைப் போன்றவரல்லர் ஸ்டெல்லா. மரியாவைப் போன்றவரும் அல்லர். மூவருடைய உடலமைப்பும் மூன்று விதம். ஆனால் ஊரார் மூவருக்கும் சூட்டிய பெயர் ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது.

சோதனையால் உண்மை வெளிப்பட்டதே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வெளிப்பட்டதுண்டு. 1966-ஆம் ஆண்டில் பனிச்சறுக்கில் மகளிர் உலக வாகையராக விளங்கிய ஆஸ்திரியாவின் எரிகா ஷினெகர், 1967-இல் சோதனைக்குப் பிறகு தாம் ஆண் என்று அறிந்தார். அறுவை சிகிச்சை செய்துகொண்டு எரிக் என்னும் பெயருடன் வாழ்ந்தார். திருமணம் செய்து தந்தையுமானார். 1988-இல், தமக்கு அடுத்ததாக வந்த பிரெஞ்சு வீராங்கனையிடம் தம் பதக்கத்தைத் தாமே ஒப்படைத்தார். அவரும் எவரையும் ஏமாற்றவில்லை. அவர் பெண் என்றே பெற்றோர் நம்பினர், அவரும் நம்பினார்.

சோதனை கைவிடப்பட்டது

மரபியலாரின் எதிர்ப்பு மெல்ல மெல்லப் பயன் தந்தது. தடகளச் சம்மேளனம் 1992-ஆம் ஆண்டளவில் எல்லாப் பெண்களையும் குரோமோசோம் சோதனைக்கு உட்படுத்தும் வழக்கத்தைக் கைவிட்டது. ஒலிம்பிக் குழுவோ பார் புள்ளியை விட்டு வேறொன்றைப் பற்றிக்கொண்டது. விந்தகம் உருவாவதற்கு ஆணையிடும் ஜீன் ஒன்று ஒய் குரோமோசோமில் இருப்பது 1990-ஆம் ஆண்டில் இலண்டனில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதன் பெயர் எஸ்.ஆர்.ஒய். இந்த ஜீன் இருக்கிறதா என்று தேடுவதே புதிய சோதனை.

1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்கள் சோதிக்கப்பட்டனர். எண்மருக்கு அந்த ஜீன் இருந்தது. எழுவர் ஹார்மோன் ஏற்பி முழுமையாகவோ ஓரளவுக்கோ செயல்படாதவர்கள். ஒருவர் வேறொரு நொதிக் குறைபாடு உடையவர். எண்மரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். அந்த 3,387 பேருள் பெண்வேடமிட்டு வந்த ஆண் ஒருவர்கூட இல்லை. 1999-ஆம் ஆண்டில் ஒலிம்பிக் குழுவும் அனைவருக்குமான சோதனையை நிறுத்தியது.

ஆனால் ஐயம் எழுந்தவரை மட்டும் சோதிக்கும் வழக்கம் நிற்கவில்லை. அதன் சுமை நம் மண்ணிலும் விழுந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில், செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சில நாள்களில் சோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணுக்கும் அவளுடைய மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டிய செய்தி தொலைக்காட்சிகளிலும் நாளேடுகளிலும் பரவியது. தமிழ்நாடு அரசு தான் அறிவித்த பரிசுத்தொகையை அப்போதும் அவருக்கு வழங்கியது. பின்னர் அவர் பயிற்சியாளராகிப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்பித்தார். பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

2011-ஆம் ஆண்டில் சம்மேளனம் ஜீனை விட்டு ஹார்மோன் அளவைக் கணக்கில் கொண்டது. ஒடிசாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை தூத்தி சந்த் வழக்குத் தொடுத்ததால் 2015-இல் அவ்விதி நிறுத்திவைக்கப்பட்டது. 2018-இல் வேறு வடிவில் வந்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து மகளிர் உலகப் போட்டிகளுக்கு எஸ்.ஆர்.ஒய். ஜீன் சோதனை மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. இம்முறை, மரியாவைப் போல ஹார்மோன் ஏற்பி முற்றிலும் செயல்படாதவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அவ்வளவில் ஒரு பாடம் கற்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஜீனைக் கண்டுபிடித்தவர்களுள் முதன்மையானவரான ஆண்ட்ரூ சின்கிளேரே, ஜீன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அது வேலை செய்கிறதா, ஹார்மோன் சுரக்கிறதா, சுரந்ததை உடல் பயன்படுத்துகிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாக மறுப்புத் தெரிவித்தார்.

நாம் அறிய வேண்டுவது

மகளிர் போட்டியில் நீதி வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. பருவமடைந்த ஆணின் தசைவலிமை பெண்ணின் வலிமையினும் மிகுதி என்பது உண்மை. அதனால்தான் மகளிருக்குத் தனிப் போட்டிகள் வைத்தார்கள். எங்கே கோடு கிழிப்பது என்பது விளையாட்டுக் கழகங்கள் நேர்மையுடன் விவாதிக்க வேண்டிய வினா. ஆனால் அது விளையாட்டுப் பிரிவைப் பற்றிய வினாவே அன்றி, ஒரு மனிதர் யார் என்பதைப் பற்றிய தீர்ப்பு அன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் ஏவாவின் பெயரும் மரியாவின் வாழ்வும் சீரழிந்தன.

தம்மை ஆண் என்றோ பெண் என்றோ எண்ணாத மனிதரும் உலகில் உண்டு. அதை அவர்கள் தம் வாயால் சொல்லும்போது நாம் மதித்துக் கேட்க வேண்டும். ஏவாவும் மரியாவும் அவ்வாறு சொல்லவில்லை. தாங்கள் பெண்கள் என்றே சொன்னார்கள். அவர்கள் சொல்லைக் கேளாமல், கண்ணாடித் தகட்டில் ஒட்டிய செல்லை மட்டும் கேட்டார்கள்.

உடலில் பால் என்பது ஒரே இடத்தில் எழுதப்பட்டதன்று. குரோமோசோம், ஜீன், சுரப்பி, ஹார்மோன், ஏற்பி, புறவுறுப்பு என்று அது படிப்படியாக உருவாகிறது. பெரும்பாலோரிடம் இப்படிகள் யாவும் ஒரே திசையில் செல்கின்றன; சிலரிடம் ஏதோ ஒரு படியில் வழி பிரிகிறது. ஒரு படியை மட்டும் பார்த்து மற்றவற்றை ஊகிப்பவர் தவறுவதற்கு இடமுண்டு. வெப்பமானியைக் கொண்டு காய்ச்சலை அளக்கலாம்; எந்த நோய் என்று அதுவே சொல்லாது. நுண்ணோக்கியில் தெரியும் புள்ளியும் அப்படித்தான். செல்லில் எத்தனை எக்ஸ் உண்டு என்று அது நமக்குச் சரியாகவே சொன்னது. அதனிடம் நாம் கேட்ட கேள்விதான் வேறு.